கோணலாக வந்த கடைசிக் கட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். குட்டிக்கு இருமல் நின்றுவிட்டதா என்று எழுது. போனில் கேட்டால் நீ "அதெல்லாம் சரியாப் போச்சுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், பின்னாலேயே அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. இப்போது பார்வை தெளிவாகிவிட்டது, அதில் ஒரு தொந்தரவு என்னவென்றால் இத்தனை வருஷமாகக் கண்ணில் படாத தூசியெல்லாம் படுகிறது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஒரு போலீஸ்காரர் மாதிரி சுற்றி வந்து அலமாரிக்கு மேலே விரலை வைத்துத் தடவி என்னிடம் காட்டுகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். உன் தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். எதையும் அவள் வயிற்றில் வைத்திருக்க மாட்டாள் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே, அப்பாவை அச்சு மெஷின் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று உனக்குச் செய்தி அனுப்பியதும் அவள்தான். நீ போன் செய்து "உண்மையைச் சொல்லுங்கப்பா, வேலை போயிடுச்சா" என்று கேட்டாய், நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி அவள் பங்குக்குக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். அவள் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடம் மட்டும் சரியில்லை. அதனால்தான் நிதானமாக எழுதி அனுப்புகிறேன், வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காமல் உட்கார்ந்து படி.

வேலை போகவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். நான் இப்போது கட்டிங் பக்கம் நிற்கிறேன், அச்சடித்து வருகிற தாள்களை அளவுக்கு வெட்டுகிற வேலை. நடந்தது என்னவென்றால், ஏழு பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரே வினாத்தாள் வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள் அல்லவா, அதை நாலு வருஷமாக நம் அச்சகத்தில்தான் அடிக்கிறோம். இந்த வருஷம் உயிரியல் தாளில் ஒரு வரைபடம் வந்தது. நொதி என்று சொல்வார்களே, நம் உடம்பில் கரைக்கிற, உடைக்கிற வேலையைச் செய்கிற பொருள், அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று காட்டுகிற படம். கீழே நிமிடம், பக்கவாட்டில் எத்தனை கன சென்டிமீட்டர் வாயு வந்தது என்று கணக்கு. குளிர்ந்த தண்ணீரில் வைத்ததற்கு ஒரு கோடு, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்ததற்கு ஒரு கோடு. இரண்டும் முதலில் நேராக ஏறிப் பிறகு வளைந்து படுத்துவிடும். அதில் மூன்று கேள்வி. மூன்றாவது நிமிடத்தில் வாயு எவ்வளவு என்பது ஒன்று. ஆரம்பத்தில் நேராக ஏறுகிற பகுதியின் சாய்வு என்ன என்பது இரண்டாவது, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு வீதம் ஏறுகிறது என்று. ஒன்றைவிட இன்னொன்று எத்தனை மடங்கு வேகம் என்பது மூன்றாவது. சாய்வுக்கு விடை, வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பன்னிரண்டு, குளிர்ந்ததற்கு நாலு. முப்பது வருஷமாக அச்சு வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் படத்தில் இருக்கிற கோட்டுக்கும் அச்சு என்றுதான் பெயர் என்பது இந்த வயதில்தான் உறைத்தது, உன் தங்கையிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

கட்டங்களும் அச்சுக்கோடுகளும் எண்களும் வெளிர் பச்சை, கேள்விகளும் அந்த இரண்டு வளைகோடுகளும் கறுப்பு. நம் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் அடிக்கும், ஆகவே தாளை இரண்டு தடவை ஓட்ட வேண்டும், முதலில் பச்சை, அது காய்ந்த பிறகு கறுப்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று நூறு தாளுக்கு ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கம். கறுப்பு ஓட்டியது அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று. மூன்று மணிக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தாளை உருவினேன், மாதிரித் தாள்களைச் சேர்க்கிற கோப்பில் வைக்கவும் செய்தேன், பார்க்கவில்லை. என்னுடன் வேலை செய்கிற ஒருவருக்கு அவசரம் என்றே பட்டப்பெயர் உண்டு, உனக்கும் தெரியும், உன் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நின்றவர். அன்றைக்கு அந்தப் பெயர் எனக்குத்தான் பொருத்தம். படமும் எழுத்தும் பதிந்திருக்கிற பிளேட்டைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, கறுப்பு முழுவதும் ஒரு சின்னக் கட்டம் வலப்பக்கமும் இரண்டு சின்னக் கட்டம் மேலேயும் நகர்ந்துவிட்டது. சுழியிலிருந்து கிளம்ப வேண்டிய கோடு அந்தரத்திலிருந்து கிளம்பியது.

பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே முதலாளிக்குப் போன் வந்தது. தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு மேல் எழுதியிருக்கிறார்கள், தாளை ரத்து செய்துவிட்டு எல்லோருக்கும் மறுபடி வைக்க வேண்டும் என்று தேர்வுக்குழுவில் பேச்சு. முதலாளி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஒரு தாளைத் தூக்கிப் பார்க்க உனக்கு நேரமில்லாமப் போச்சா" என்றார். மறுநாள் அந்தக் கேள்வியை எழுதிய உயிரியல் டீச்சர் நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம், கோபம் கண்ணில் இருந்ததே ஒழிய வார்த்தையில் இல்லை. படத்தின் ஃபிலிமை, பிளேட் எடுக்கிற கண்ணாடி போன்ற தாளை, காட்டுங்கள் என்றார். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் கட்டத்தை வைத்து அதன்மேல் கோடுகள் உள்ள ஃபிலிமை வைத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். மேலே தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார், ஒவ்வொரு தடவையும் நேராக ஏறுகிற பகுதியில் இரண்டு புள்ளியைப் பிடித்து எவ்வளவு ஏறியது, எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணி வகுத்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு "அண்ணே, எங்க தள்ளினாலும் பன்னிரண்டுதான் வருது, நீங்களே பாருங்க" என்றார். நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்துக்குப் பதினெட்டு. தப்பாக உட்கார்ந்த தாளிலும் ஒன்றரை நிமிடத்துக்குப் பதினெட்டுத்தான். கோடு இருக்கும் இடம் மாறியதே தவிர அது ஏறுகிற விதம் மாறவில்லை. வகுப்பில் அவர் ஓயாமல் சொல்வாராம், ஒரே புள்ளியைப் பிடித்து வகுக்காதீர்கள், இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்து வகுங்கள் என்று, அப்படிச் செய்த பிள்ளைகளுக்கு ஒரு சேதமும் இல்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை தேர்வுக்குழு கூடியபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபிலிமை எடுத்துப்போய் டீச்சர் சொல்லச் சொல்ல நான் தள்ளிக் காட்டினேன். குழுத் தலைவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் கையாலேயே நாலு தடவை தள்ளிப் பார்த்தார். முதல் கேள்விக்கு மட்டும் எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாம், மற்ற இரண்டும் அப்படியே செல்லும், மறுபரீட்சை வேண்டாம் என்று முடிவாயிற்று. முதலாளி என் தோளில் தட்டினார். எழுந்து வரும்போது தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆனா மில்லுக்குப் பின்னால இருக்கிற பள்ளியில மட்டும் பாதிக்கு மேல பிள்ளைங்க சாய்வுக்குப் பதிமூணுன்னு எழுதியிருக்குதுங்க, ஒரே தப்பை எழுபது பேரு தனித்தனியா செய்வாங்களா, ஹால்ல காப்பி ஓடியிருக்கு, அதை நாம தனியா விசாரிப்போம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது எனக்கு அது யார் வீட்டுக் கவலையோ என்று இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான் அந்தப் பதின்மூன்று மறுபடி ஞாபகம் வந்தது. தாள் தப்பாவது இரண்டு விதம் மகளே. நகர்வது ஒன்று. கோணிக்கொள்வது இன்னொன்று. நகர்ந்தால் சாய்வு மாறாது, அதை டீச்சர் காட்டிவிட்டார். கோணினால் மாறும். அன்று மேசையில் அவர் ஃபிலிமை மேலே தள்ளினார், பக்கத்தில் தள்ளினார், திருப்பிப் பார்க்கவில்லை, திருப்பிப் பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை. தாள் கோணும் என்பது மெஷினில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அன்று கடைசிக் கட்டு ஓடும்போது தாள் சிக்கியது, உருவி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினேன், மணி இரண்டரை.

செவ்வாய்க்கிழமை காலை யாரும் வருவதற்கு முன் போய்க் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டின் தாள் கோணல். பெரிய கோணல் இல்லை, சும்மா படித்துக்கொண்டு போனால் தெரியாது, பக்கம் முழுக்க ஒன்றாகச் சாய்ந்திருப்பதால் கண் அதற்குப் பழகிவிடும். ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒன்றரை நிமிடத்துக்குப் பத்தொன்பதரை. வகுத்தால் பதின்மூன்று. அனுப்பிய சீட்டைப் பார்த்தேன், அந்தக் கட்டு நூற்றிருபது தாள், மில்லுக்குப் பின்னால் இருக்கிற பள்ளி. அந்தப் பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை. அவர்கள் கையில் கொடுத்த தாளில் விடையே பதின்மூன்றுதான். கேள்வித்தாளைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார்கள், திருத்துகிறவர்கள் கையில் இருப்பது வேறு கட்டுத் தாள், அதனால் யாருக்கும் இது தெரிய வழியில்லை. முதலாளி வந்ததும் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து "இப்பதான் கழுத்திலிருந்து கத்தி எடுத்திருக்காங்க, மறுபடி நீயே கொண்டுபோய் நீட்டுவியா, விசாரிச்சா அவங்களே ஒண்ணுமில்லைன்னு விட்டுடுவாங்க, நீ வேலையைப் பாரு" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. இந்த ஒரு வேலையை நம்பித்தான் அவர் வருஷம் முழுக்க ஆட்களை வைத்திருந்தார். சரி என்று சொல்லிவிட்டுத் தாளைக் கோப்பிலேயே வைத்தேன்.

நம் அச்சகத்தின் முன்பக்கம் ஜெராக்ஸ் எடுக்கிற இடம் உண்டல்லவா, அங்கே இருக்கிற பெண் வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போயிருந்தாள். ஒரு அம்மா வந்து நின்றார்கள், மில் சீருடை, ஷிப்டு நடுவில் ஓடி வந்திருப்பார்கள் போல, மூச்சு வாங்கியது. ஒரு தாளைக் கொடுத்து இரண்டு நகல் வேண்டும் என்றார்கள். நான் வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது படித்துவிட்டேன். தேர்வுக்குழுவுக்குப் பிள்ளை எழுதிய விளக்கம். உருண்டையான கையெழுத்து. நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, எனக்குப் பதின்மூன்றுதான் வந்தது, விடை முழு எண்ணாக வந்ததால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் சந்தேகத்துக்கு மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதுதான் வந்தது என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு முக்கோணம் போட்டு எப்படி அளந்தாள் என்று காட்டியும் இருந்தாள். நகல் வெளியே வந்தது. அந்த அம்மா "எழுத்தெல்லாம் தெளிவா வந்திருக்குங்களா, மங்கலா இருந்தா ஒத்துக்க மாட்டாங்களாம்" என்று கேட்டார்கள். தெளிவாக வந்திருக்கிறது என்றேன். அவர்கள் போன பிறகு கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முதலாளி மேசைக்கு முன்னால் போய் நான் அங்கேதான் போகிறேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், தடுக்கவில்லை.

டீச்சர் வகுப்பில் இருந்தார், முடிகிற வரை வராந்தாவில் காத்திருந்தேன். தாளைக் கையில் கொடுத்துக் கோணலைக் காட்டினேன். அவர் தானே ஸ்கேல் எடுத்து அளந்தார். பிறகு எத்தனை தாள் என்று மட்டும் கேட்டார். நூற்றிருபது என்றேன். அங்கிருந்து இரண்டு பேரும் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மறுபடி ஃபிலிம் காட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்காரச் சொன்னார். சொல்லி முடித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போன் செய்தார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேரைக் கேள்வித்தாளோடு வரச்சொல்லிப் பார்த்தார்கள், எல்லாமே கோணல். மறுநாள் அவரே அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கும்போது, தப்பு உங்களுடையது இல்லை, உங்கள் மேல் சந்தேகப்பட்டது எங்கள் தப்பு என்று சொன்னாராம். பதின்மூன்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். டீச்சர் போன் செய்து சொன்னார். என்னைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன், அச்சகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னார் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னார். அது போதும். அடுத்த வருஷத் தாளை வேறு இடத்தில் அடிக்கப் போகிறார்கள். முதலாளி ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை, பத்தாம் நாள் "கட்டிங்ல நில்லு, பார்ப்போம்" என்றார். மெஷினில் இப்போது அவசரம்தான் நிற்கிறார், அவர் அவசரப்படுவதே இல்லை, பத்துத் தாளுக்கு ஒரு தாளை உருவி என்னிடம் ஓடி வந்து காட்டிவிட்டுப் போகிறார், என் வெட்டு வேலை கெடுகிறது. எனக்கு வருத்தமா என்று கேட்பாய். மெஷின் சத்தம் காதில் விழும்போது கை தானாக அந்தப் பக்கம் போகிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இப்போது அம்மா சொன்னதில் சரியில்லாத இடத்துக்கு வருகிறேன். கோணலைப் பார்த்த அன்றே, பார்த்த கையோடு, அப்பா ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார் என்று அவள் உன்னிடம் சொன்னாள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறாள், தங்கையும் மருந்துக்கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை காலை. போனது வியாழக்கிழமை சாயங்காலம். முதலாளி தடுத்தார் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவர் என் காலைக் கட்டிப்போடவில்லை. அந்த இரண்டரை நாளில் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், அம்மாவுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டேன், அவள் கேட்டதற்கு எல்லாம் முடிந்தது, இனி கவலை இல்லை என்று சொன்னேன். அதே நாட்களில்தான் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களோடு பத்துப் பத்துப் பேராக ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், இதைப் பிறகு டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜெராக்ஸ் எடுக்கிற பெண் அன்று கொஞ்சம் தாமதமாகச் சாப்பிடப் போயிருந்தால் நான் போயிருப்பேனா என்று நானே கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். போயிருப்பேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியவில்லை மகளே. அந்தப் பிள்ளை மூன்று தடவை அளந்திருக்கிறாள். நான் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்பா இப்படி அப்பா அப்படி என்று நீ அங்கே மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாய், அதில் இரண்டரை நாளைக் கழித்துக்கொள். மாப்பிள்ளையிடமும் சொல், தப்பில்லை. நீங்கள் இருவரும் மனமொத்து நன்றாக இருக்க வேண்டும், குட்டி ஆரோக்கியமாக வளர வேண்டும், உன் கை தொட்ட காரியம் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நாங்கள் நினைக்காத நாள் இல்லை. குட்டியை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு. இந்த இரண்டரை நாள் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற டாக்டர் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கும்படி நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை நீ போனில் வாய்தவறிச் சொல்லிவிடாதே.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா